குழந்தைக் கட்டிலுக்கு இடம்

பதுளையில் குழந்தைச் சாமான் கடை ஒன்றின் வாசலில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. என் கணவர் காரின் பின்கதவைத் திறந்து பாதி உடம்பை உள்ளே விட்டிருந்தார். மறுபக்கக் கதவு வழியாகக் கடைக்காரர் குனிந்திருந்தார். இருவருக்கும் நடுவில் சாம்பல் நிறக் குழந்தை இருக்கை ஒன்று, காரின் பின்புறத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. பெல்ட்டை இழுத்து அதன் மேல் சுற்றிக் கொண்டுவந்து பூட்டப் பார்த்தார்கள். நான்கு விரல் அளவு எட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம் இழுங்க" என்றார் கணவர்.

"இழுக்க இனி ஒன்றும் இல்ல தம்பி. பழைய காரு. பெல்ட்டே இவ்வளவுதான்."

நான் கடையின் தகரச் சார்ப்புக்குக் கீழே நின்றுகொண்டு தொலைபேசியை அவர்கள் பக்கமாகப் பிடித்திருந்தேன். எனக்கு அப்போது ஆறாவது மாதம். தொலைபேசிக்குள் என் கணவரின் அக்கா இருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். குவைத்தில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலை அவருக்கு. அந்த வீட்டின் மூன்று பிள்ளைகளும் அவர் கையில்தான் வளர்ந்தார்கள். எந்த வயதில் எந்த இருக்கை, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், தோள்பட்டி எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"நெஞ்சுல பட்டிக்கும் புள்ளைக்கும் நடுவுல ஒரு வெரல்தான் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இங்கெல்லாம் இது இல்லாம ஆஸ்பத்திரியில இருந்து புள்ளயவே வெளிய விடமாட்டாங்க தெரியுமா?"

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைகள் தாயின் மடியில்தான் வீட்டுக்கு வருவார்கள். ஓட்டோவில், பஸ்ஸில், சில நேரம் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியின் முன்சீட்டில். என் கணவர் மடுல்சீமைக்கும் பதுளைக்கும் இடையில் ஹயர் ஓடுகிறவர். ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, கல்யாணத்துக்கு என்று ஆட்களை ஏற்றி இறக்குவார். அந்த ரோட்டின் ஒவ்வொரு வளைவும் அவருக்குத் தெரியும். "நான்தானே ஓட்டப்போறேன், அப்புறம் என்னா பயம்?" என்று ஆரம்பத்தில் சிரித்தார். அண்ணி ஒரு மாதமாகத் தினமும் பேசிப் பேசி அவரைக் கடை வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்.

கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்று கைப்பிடியோடு, கூடை மாதிரித் தூக்கிக்கொண்டு போகக்கூடியது, பிறந்த குழந்தைக்கு. இன்னொன்று பெரியது, நாலு வயதுவரை வரும் என்றார் கடைக்காரர். கணவருக்குப் பெரியதுதான் பிடித்திருந்தது. "தலை நிக்காத புள்ளைக்குச் சின்னதுதான்" என்றார் அண்ணி. இருவரும் பேசிக்கொண்டிருந்தபோது நான் அந்தச் சின்ன இருக்கையின் குழிவுக்குள் கையை வைத்துப் பார்த்தேன். துணி மெத்தென்று இருந்தது. ஒரு தலை அளவுக்கு அங்கே ஒரு பள்ளம். சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் ஒருமுறை எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மூன்றாம் மாதத்தில் பசறைச் சந்தையில் ஒரு மஞ்சள் சட்டையைப் பார்த்து, என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, ஆசை அடக்க முடியாமல் வாங்கி வந்து அலுமாரியில் ஒளித்து வைத்தேன். பத்து நாளில் எல்லாம் முடிந்துபோனது. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாமி, கணவரின் அம்மா, என் உடுப்பு எடுக்க அலுமாரியைத் திறந்திருக்கிறார். சட்டை அவர் கண்ணில் பட்டிருக்கிறது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் இந்த முறை நாள் தள்ளியதும் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: "புள்ள வீட்டுக்குள்ள வர்றதுக்கு முந்தி புள்ளையோட சாமான் ஒண்ணும் வரக்கூடாது."

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. ஒரு சட்டைக்கும் ஒரு கருவுக்கும் தொடர்பு இல்லை என்று பத்தாம் வகுப்புக்கு விளக்கிச் சொல்ல என்னால் முடியும். ஆனாலும் அன்று அந்தக் கை தானாகத்தான் வெளியே வந்தது.

"தங்கச்சி, காருக்கு நீளமான பெல்ட் மாத்திட்டு வாங்க" என்றார் கடைக்காரர். "சின்னதை எடுத்து வைக்கிறேன். வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்."

வீட்டில் கிளினிக் என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தோம். அது முழுப்பொய் இல்லை. அங்கிருந்து நேராகப் பெரியாஸ்பத்திரிக்குத்தான் போனோம்.

டொக்டர் ஸ்கேன் அறிக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நச்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது என்றார். இனிப் பாடசாலைக்குப் போகக்கூடாது, பஸ் ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும். "வீடு எங்க?" என்று கேட்டார். மடுல்சீமைப் பக்கம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"இரத்தம் பட்டா உடனே வரணும். இங்க வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?"

"நல்ல நாள்ல ஒண்ணரை மணித்தியாலம்" என்றார் கணவர்.

"மழை நாள்ல?"

கணவர் ஜன்னலுக்கு வெளியே தூறலைப் பார்த்தார்.

திரும்பும் வழியில் நான்தான் பேச்சை எடுத்தேன். என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவருக்குப் பதுளை ஸ்டேஷனுக்குப் பின்னால் தெரிந்த வீடு ஒன்று இருந்தது. மேல்மாடியில் இரண்டு அறை. நான் அதை ஏற்கெனவே ஒருமுறை போய்ப் பார்த்திருந்தேன், அவருக்குத் தெரியாமல். "டவுன்லயே இருந்துட்டா என்ன? ஆஸ்பத்திரி நடந்து போற தூரம்" என்றேன்.

"அம்மா என்னா சொல்லும்னு தெரியல. பாப்போம்."

எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் இல்லை என்று அர்த்தம்.

எங்கள் வீடு என்பது தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் அடுத்தடுத்த இரண்டு காம்பராவும், சமைக்கப் பின்னால் இறக்கிய ஒரு குசினியும். முன் காம்பராவில் மாமாவின் கட்டில். மாமி குசினிப் பக்கமாகப் பாய் விரித்துப் படுப்பார். உள் காம்பரா எங்களுடையது. அதில் எங்கள் கட்டில், அலுமாரி, என் தையல் இயந்திரம், பாடப் புத்தகப் பெட்டி. ஒரு சின்ன ஜன்னல். அதைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மண் சரியாமல் இருக்கக் கட்டிய கல்லுச் சுவர். அந்தச் சுவரில் பாசி, பாசியின் மேல் எப்போதும் வழிந்துகொண்டிருக்கும் தண்ணீர். அடுத்த இரண்டரை மாதம் நான் பார்த்தது அதைத்தான்.

காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்க, ஆட்கள் போகிற சத்தம் கேட்கும். பிறகு லயம் முழுக்க அமைதியாகிவிடும். பக்கத்து வீட்டுக் கிழவரின் இருமல், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் வானொலி. தகரத்தில் மழை விழத் தொடங்கினால் அதுவும் கேட்காது. கழிவறைக்குப் போக மட்டும் எழுந்திருப்பேன். அதற்கும் மாமி கூடவே வந்து வெளியே நிற்பார். அவர் என்னைக் கவனித்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சுடுதண்ணீர் வைத்துத் தருவார், தலை வாரிவிடுவார், எனக்கு வாய்க்குப் பிடித்ததைக் கேட்டுச் சமைப்பார். நான் ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்க எழுந்தால், "நீ படு புள்ள, நீ படு" என்று ஓடி வருவார். அந்த 'நீ படு' என்ற சொல்லைக் கேட்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவ்வளவு அன்பாக நடத்துகிற ஒருவர் மீது எரிச்சல்படுகிறோமே என்று அதற்கு மேல் ஒரு குற்ற உணர்ச்சி.

எட்டாம் மாதத்தில் கட்டில் வந்தது.

அண்ணி எங்களிடம் கேட்கவில்லை. கார்கோவில் போட்டுவிட்டு, பதுளைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் சொன்னார். அவர் வேலை செய்கிற வீட்டில் கடைசிப் பிள்ளை வளர்ந்து பெரிய கட்டிலுக்கு மாறிவிட்டதாம். அந்த வீட்டம்மா தூக்கிப்போடச் சொன்ன குழந்தைக் கட்டிலை இவர் கழற்றித் துடைத்து, ஆணி, திருகு எல்லாவற்றையும் ஒரு காலுறைக்குள் போட்டுக் கட்டி அனுப்பியிருந்தார். காரின் கூரையில் கயிறு போட்டுக் கட்டிக் கணவர் கொண்டுவந்தார். ரோட்டில் இருந்து படி இறங்கி வாசல்வரை அவரும் மாமாவும் பெட்டியைத் தூக்கி வந்தார்கள்.

மாமி வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"உள்ள வேணாம்."

"மழையில நனையும்மா."

"நனையட்டும். புள்ள வந்த பொறகு கட்டில் வரட்டும்."

"அக்கா ஆசையா அனுப்பியிருக்கு."

"அவ அனுப்புவா. அவளுக்கு என்னா தெரியும்? பிள்ளைக்காம்பராவுல இருபது வருஷம் நான் இருந்தேன். எத்தன புள்ளயத் தூங்க வச்சிருக்கேன். ஒரு சீலை போதும் புள்ளைக்கு."

தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. மாமி அங்கே ஆயாவாக இருந்தவர். அவர் சொன்னதற்கு மறுத்துப் பேச வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை. பெட்டி வாசல் ஓரத்தில், சார்ப்புக்குக் கீழே, தார்ப்பாய் போர்த்தி வைக்கப்பட்டது.

நான் உள்ளே படுத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மாமி தடுத்ததால் இல்லை, அதற்குப் பிறகு நடந்ததால். கணவர் பெட்டியின் மேல் அச்சடித்திருந்த அளவைப் படித்துவிட்டு, என் தையல் நாடாவை எடுத்து வந்து எங்கள் காம்பராவில் பிடித்துப் பார்த்தார். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் இடையில் பிடித்தார், ஜன்னல் ஓரம் பிடித்தார், கதவை மூடிப் பிடித்தார். எங்கேயும் வரவில்லை.

"வைக்க முடியாது போல" என்றார்.

நான் அதற்காகவே காத்திருந்தேன். "முடியாதுதான். இங்க மூணு பேர் மூச்சு விடவே இடம் இல்ல. புள்ள பொறந்து ஆஸ்பத்திரியில இருந்து நேரா டவுன் வீட்டுக்கே போயிடலாம். கட்டிலையும் அங்கயே பூட்டலாம்" என்றேன். முன் காம்பராவுக்குக் கேட்க வேண்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தடவை 'பாப்போம்' என்று சொல்லவில்லை.

அன்று முழுக்க அந்த மேல்மாடி வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் எங்கே, கட்டில் எந்தச் சுவர் ஓரம், துணி எங்கே காயப்போடுவது என்றெல்லாம்.

மறுநாள் காலை முன் காம்பராவில் தட்டும் சத்தம் கேட்டது. மரத்தில் மரம் மோதும் சத்தம். பிறகு எதையோ தரையில் இழுக்கும் சத்தம். மாமாவும் கணவரும் உள்ளே வந்து, அலுமாரியில் இருந்த என் சேலைகளை அப்படியே மடியில் அள்ளிக் கட்டிலில் என் காலடியில் வைத்துவிட்டு, அலுமாரியை நகர்த்தி வெளியே கொண்டுபோனார்கள். அது நின்ற இடத்தில் சுவர் வேறு நிறமாக இருந்தது.

மாமா மறுபடி உள்ளே வந்து அந்த இடத்தைக் காலால் அளந்தார். அதிகம் பேசாதவர். தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி வெட்டி முழங்கால் தேய்ந்துபோனவர்.

"இப்ப வரும்மா. கட்டில் தாராளமா வரும்" என்றார்.

"அலுமாரி எங்க மாமா வச்சீங்க?"

"முன்னுக்கு. என் கட்டிலக் கழட்டிட்டேன். எனக்கு எதுக்குக் கட்டிலு? கீழ படுத்தா இடுப்புக்கு நல்லது."

கீழே படுத்தால் அந்த முழங்காலோடு காலையில் எப்படி எழுந்திருப்பார் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்வது? வேண்டாம் மாமா, நான் இந்த வீட்டை விட்டுப் போவதற்காகத்தான் இடம் இல்லை என்று சொன்னேன் என்று சொல்ல முடியுமா? அழுகை வந்துவிட்டது. மாமி ஓடி வந்து, "அழாத புள்ள, அவரு மனசாரத்தான் செஞ்சாரு" என்று என் முகத்தைத் துடைத்தார். நன்றியில் அழுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். கணவர் வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருந்தது. புரிந்தும் அவரால் செய்ய ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு டவுன் வீட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை.

அண்ணி தினமும் பகலில் கூப்பிடுவார். அங்கே பிள்ளைகள் பாடசாலையில் இருந்து வந்து தூங்குகிற நேரம் அது. கட்டிலைப் பற்றித்தான் பேச்சு. மெத்தை இறுக்கமாக இருக்க வேண்டும், தலையணை வைக்கக்கூடாது, பொம்மை வைக்கக்கூடாது, கம்பிகளுக்கு இடையில் ஒரு சோடா டின் நுழைந்தால் அந்தக் கட்டில் ஆகாது, குழந்தையின் தலை மாட்டிக்கொள்ளும். "நான் டின் வச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பினேன்" என்றார். ஒருநாள் மாமி கோவிலுக்குப் போயிருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, நீங்க கேட்டுட்டு அனுப்பியிருக்கலாம்" என்றேன்.

"என்ன? கட்டில் நல்லா இல்லையா?"

"கட்டில் நல்லாத்தான் இருக்கும். எனக்கு இந்தக் காம்பராவுல இருக்க முடியல. டவுனுக்குப் போயிடலாம்னு நெனச்சேன். இப்ப மாமா தன் கட்டிலையே கழட்டிட்டாரு. இனி நான் எப்படிப் போறது?"

தொலைபேசியில் அவர் முகம் அசையாமல் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"நான் இந்த வீட்ட விட்டு வெளிய போய் நாலு மாசம் ஆவுது" என்றார் பிறகு. "குப்ப போடக் கீழ எறங்குறதோட சரி. அந்தக் கட்டில் பக்கத்துலதான் தரையில படுப்பேன். மூணு புள்ளைக்கும் அப்படித்தான். எம் புள்ளய எட்டு மாசத்துல அம்மாகிட்ட விட்டுட்டு வந்தேன். அவ எதுல தூங்கினான்னு கூட நான் பாத்ததில்ல. இப்ப அவ விடுதியில இருந்து படிக்கிற அளவுக்கு வளந்துட்டா. நம்ம வீட்டுல ஒரு புள்ளையாவது அதுல படுக்கட்டும்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ எதுக்கு மன்னிப்புக் கேக்குற? போகணும்னா போகணும்னு சொல்லு. கட்டில் வைக்க எடம் இல்லன்னு சொன்னா எங்கப்பா எடம் பண்ணத்தான் செய்வாரு. அவருக்கு வேற என்ன தெரியும்?"

அதில் கொஞ்சம் கோபம் இருந்தது. பிறகு அவர் இரண்டு நாள் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் கூப்பிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மெத்தை விரிப்பைப் பற்றிப் பேசினார்.

மகள் மூன்று வாரம் முந்திப் பிறந்தாள். ஒரு காலையில் சேலையில் இரத்தம் பட்டது. மழை இல்லாத காலை. கணவர் அந்த ரோட்டில் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். சின்ன உருவம், ஆனால் குரல் பெரிது. ஐந்து நாள் வார்ட்டில் இருந்தோம். அந்த ஐந்து நாளில் கணவர் எங்கோ விபத்தில் அடிபட்ட கார் ஒன்றின் நீளமான பெல்ட்டைத் தேடி எடுத்துப் பூட்டி, கடைக்குப் போய் அந்தச் சின்ன இருக்கையையும் வாங்கி வந்துவிட்டார். கடைக்காரர் சொன்னபடி யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம்.

வீட்டுக்குக் கிளம்பிய அன்று மழை. மாமி முன்சீட்டில் ஏறினார். பின்னால் ஒரு பக்கம் இருக்கையில் மகள், இந்தப் பக்கம் நான், தையல் போட்ட வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு. அண்ணி சொன்னபடி பட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு விரல் விட்டுப் பார்த்தேன். மாமிக்கு அது கண்ணில் காணப் பிடிக்கவில்லை.

"பச்சப் புள்ளயக் கட்டிப் போட்டு வச்சிருக்கீங்களே" என்று பசறை வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

பசறை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வாகனங்கள் நின்றுகொண்டிருந்தன. முன்னால் மண் சரிந்து ரோட்டை மூடியிருந்தது. சிவந்த சேற்றுக்கு நடுவில் வேரோடு ஒரு மரம். நாங்கள் நின்ற சில நிமிடத்தில் பின்னால் ஒரு பஸ்ஸும் இரண்டு லொறியும் வந்து ஒட்டி நின்றுவிட்டன. இனி முன்னாலும் போக முடியாது, திரும்பவும் முடியாது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். மண் அள்ளும் பெக்கோ வந்துகொண்டிருக்கிறது என்று இறங்கிப் போய்க் கேட்டு வந்தார் கணவர்.

மூன்று மணித்தியாலம் அப்படியே இருந்தோம். மகள் அழ ஆரம்பித்ததும் பட்டியைக் கழற்றி எடுத்துப் பால் கொடுத்தேன். மாமி தன் சால்வையை ஜன்னலில் திரையாகப் பிடித்துக்கொண்டார். கை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தார். குடித்துவிட்டு அவள் என் மடியிலேயே தூங்கிப்போனாள். கண்ணாடி எல்லாம் மூச்சில் மங்கிப்போயிருந்தது. வெளியே எதுவும் தெரியவில்லை. அந்தக் காருக்குள் நாலு பேரின் ஈரத் துணி வாடையோடு உட்கார்ந்திருந்தபோது, போய்ச் சேரப் போகிற காம்பராவும் இதேபோலத்தான் என்று எனக்குத் தோன்றியது. ரோடு திறக்கவே வேண்டாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

திறந்தது. முன்னால் வாகனங்கள் அசைந்தன. கணவர் இயந்திரத்தை முடுக்கினார். நான் மகளைத் தூக்கி மறுபடி இருக்கையில் வைத்துப் பட்டியைப் பூட்டினேன். விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

"மடியிலயே வச்சுக்கயேன். தூங்கின புள்ளய எழுப்பிக் கட்டுறியே. ஒனக்கு மனசு கல்லா?" என்றார் மாமி.

அதற்குப் பதிலாக நான் சொல்ல நினைத்தது ரோட்டைப் பற்றித்தான், வளைவுகளைப் பற்றித்தான். வாயில் வந்தது வேறு.

"மாமி, எனக்கு அந்தக் காம்பராவுல இருக்க முடியல."

கணவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தார். மாமி திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

"யாருக்குத்தான் முடியுது?" என்றார்.

அவ்வளவுதான். பிறகு அவரும் மகளை மடியில் வைக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்குப் போனதும் மாமி ஆலாத்தி எடுத்துக் குழந்தையை உள்ளே கூப்பிட்டார். அடுத்த நிமிடமே, "பெட்டியக் கொண்டாங்க" என்றார். மாமாவும் கணவரும் கட்டிலைப் பூட்டி முடித்தபோது, உள் காம்பராவில் தரை என்று ஒன்று மிஞ்சவில்லை. நான் என் கட்டிலுக்குப் போக வேண்டும் என்றால் கால்மாட்டில் ஏறித்தான் போக வேண்டும். தையல் ஆறும்வரை அது ஒரு பாடு. அண்ணியை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினோம். மகள் கையை விரித்து மல்லாந்து தூங்குவதைப் பார்த்துவிட்டு, அவர் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

மாமி தோற்றுப்போகவில்லை. குசினிக் கூரை வளையில் ஒரு சீலையைத் தொட்டிலாகக் கட்டினார். பகலில் மகள் சீலையில் அவர் பார்வையில் தூங்குவாள், மற்ற நேரம் கட்டிலில். எனக்கும் மாமிக்கும் இதுவே ஓர் ஒப்பந்தம்போல ஆகிவிட்டது.

பிரசவ லீவு முடிந்து பாடசாலைக்குப் போனபோது நான் டவுன் வீட்டைக் கேட்டிருக்கலாம். அந்தப் பேச்சை எடுக்க இப்போது எனக்குத் தடை இல்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. ஆனால் கேட்கவில்லை. நான் காலையில் போனால் பகல் இரண்டு மணிக்குத்தான் வருவேன். அதுவரை மகளை யார் பார்ப்பது? மாமியைத் தவிர யாரை நம்பி விடுவது? வீட்டில் யாரும் என்னைப் பிடித்து வைக்கவில்லை. நானாகத்தான் இருந்தேன். அப்படி இருப்பது முன்பைவிட இலகுவாக இருந்தது என்று சொல்ல முடியாது. அந்தக் கல்லுச் சுவர் அதே இடத்தில்தான் இருந்தது.

இடமாற்றத்துக்கு விண்ணப்பம் போட்டேன். போட்டதை மூன்று வாரம் கழித்து மாமாவிடம்தான் முதலில் சொன்னேன். காரணம் எதுவும் சொல்லவில்லை. டவுனில் இருக்க விரும்புகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "சரிம்மா" என்றார்.

மகளுக்கு ஒரு வயது தாண்டிய பிறகு இடமாற்றம் கிடைத்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த மேல்மாடி வீடு அதற்குள் வேறு யாருக்கோ போய்விட்டது. பஜாருக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மெத்தைக் கடையின் மேலே வீடு கிடைத்தது. இரண்டு அறை, கம்பி போட்ட பெரிய ஜன்னல், கீழே எப்போதும் சத்தம். போகும் நாளுக்கு முந்திய வாரம் மாமி ஒரு பையில் தன் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?" என்று கேட்டார் கணவர்.

"ஒங்ககூடத்தான். புள்ளய யாரு பாக்குறது?"

அப்படித்தான் இப்போது நடக்கிறது. திங்கள் காலை கணவர் காரில் மாமியை அழைத்து வருவார். வெள்ளி பின்னேரம் கொண்டுபோய் விடுவார். இடைப்பட்ட நாளெல்லாம் மாமா லயத்தில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார்.

மாமிக்குச் சிங்களம் சரியாக வராது. கீழே கடையில் இருப்பவர்களுக்குத் தமிழ் வராது. படியேறினால் மூச்சு வாங்குவதால் அவர் கீழே இறங்குவதும் இல்லை. லயத்தில் காலையில் குழாயடியில் நாலு பேரோடு பேசி, கோவிலுக்குப் போய், யார் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரித்துத் திரிந்தவர். போன வாரம் ஒருநாள் பாடசாலை விட்டு ரோட்டைக் கடக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். மேலே ஜன்னல் கம்பிக்குப் பின்னால் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். மகள் என்னைக் கண்டு கையை ஆட்டினாள். மாமி என்னைப் பார்க்கவில்லை. பஸ் நிலையத்துப் பக்கம் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே போனதும் கேட்டேன், "மாமி, இங்க உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கா?"

"எனக்கென்னா? நல்லாத்தான் இருக்கு. காத்து வருது" என்றார். பிறகு மகளை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இன்னக்கி என்னா கிழமை?"

புதன் என்றேன்.